பரிமாறுகிறவர் கையில் விட்டால்

கடந்த நத்தாருக்கு என் தங்கையின் மகன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். அங்கே ஒரு பெரிய உணவகத்தின் சமையற்கட்டில் அவனுக்கு வேலை. இராச் சாப்பாடு முடிந்து அடுப்படியில் எல்லோருமாகக் குளிர் காய்ந்துகொண்டிருந்தோம். தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவன், ஜப்பானியருடைய உணவு முறை ஒன்றைச் சொன்னான்.

“மாமா, அதுல சாப்பிட வர்றவங்களுக்கு மெனு கார்டே கிடையாது. இது வேணும், அது வேணும்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. சமைக்கிறவரு எத எடுத்து வைக்கிறாரோ அதத்தான் சாப்பிடணும். அதுக்குத்தான் ஆகக் கூடின விலை.”

மூலையில் சாக்குப் போர்த்தி உட்கார்ந்திருந்த என் தாயார் நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கு எதுக்குடா பேராண்டி காசு? நாங்கெல்லாம் காலம் பூரா அப்படித்தானே தின்னோம்!” என்றார்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. கொடுத்ததைக் கேள்வி கேளாமல் உண்பது ஒருவனுக்கு உயர்ந்த சுகபோகமாகவும் இன்னொருவனுக்குத் தலைவிதியாகவும் இருப்பது எப்படி? இரண்டு பேரும் செய்வது ஒரே காரியந்தானே?

அந்த உணவு முறைக்கு ‘ஒமகசே’ என்று பெயர். ‘உங்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறேன்’ என்பது அதன் கருத்து. வினாகிரி கலந்த சோற்றைக் கையில் பிடித்து, அதன்மேல் ஒரு துண்டு மீனை வைத்து, ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். இதுவே சூஷி. இன்று சீமான்களின் உணவாகிவிட்ட இந்தச் சூஷி பிறந்த இடம் தெருவோரம். 1820-களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், வேலைக்கு ஓடுகிறவர்கள் தள்ளுவண்டிக் கடையருகே நின்றபடி இரண்டு வாயில் விழுங்கிவிட்டுப் போன பண்டம் அது. இன்று பெருவிலை போகும் சூரை மீனின் கொழுப்பான வயிற்றுப் பகுதியை அக்காலத்தில் மதிப்பாரில்லை. குரக்கன் பிட்டும் கட்டச் சம்பலும் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் வெள்ளித் தட்டில் வருகிற காலத்தில் இருக்கும் நமக்கு இது வியப்பாகத் தோன்றாது.

நம் நாட்டிலும் இச்சுவை வேரூன்றி நெடுநாளாகிறது. இலங்கைத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த தர்ஷன் முனிதாச, 1995-ல் கொழும்பில் ‘நிஹொன்பாஷி’ என்ற ஜப்பானிய உணவகத்தைத் தொடங்கினார். ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்கள் என்று 2013-ல் முதன்முதலாக வெளியான பட்டியலில் அதற்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் இந்த முறையின் உட்பொருளை அறிய விரும்புகிறவர்கள் ஜிரோ ஓனோ என்ற முதியவரைப் பற்றித்தான் கேட்க வேண்டும். டோக்கியோவின் கின்சா பகுதியில், ஒரு கட்டடத்தின் நிலவறையில், பத்துப் பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய கடை அவருடையது. 2014 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவை ஜப்பானியப் பிரதமர் அபே அழைத்துச் சென்றது அங்கேதான். ஏழு வயதில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போன அந்தச் சிறுவனுக்கு 2025 அக்டோபரில் நூறு வயது நிறைவாயிற்று.

அவரைப் பற்றி 2011-ல் வந்த விபரணப் படமொன்றைத் தங்கை மகன் தன் கைத்தொலைபேசியில் எனக்குக் காட்டினான். அதில் என் மனதில் பதிந்தது மீனுமல்ல, விலையுமல்ல. விருந்தாளி இடதுகையால் உண்கிறார் என்று கண்டால், அடுத்த துண்டை அந்தக் கைக்கு வசதியாக மாற்றி வைக்கிறார் கிழவர். பெண்களுக்குத் துண்டைச் சிறிதாகப் பிடிக்கிறார், எல்லோரும் ஒரே நேரத்தில் உண்டு முடிக்க வேண்டும் என்பதற்காக. மேடைக்கு அப்பால் நின்றபடி ஒவ்வொருவர் வாயையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவரிடம் கற்க வருகிற இளைஞர்கள், சூடான துவாய் பிழிவதில் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கழித்தே முட்டை பொரிக்கும் தகுதியைப் பெறுகிறார்கள்.

இனி என் தாயார் சொன்ன காலத்துக்கு வருவோம். தோட்டத்துத் தொழிலாளிக்கு அரிசி போட்டது தோட்டமே. குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1927-ஆம் ஆண்டின் சட்டமே, இன்ன விலைக்கு அரிசி வழங்கப்பட வேண்டும் என்றும் சொல்லிற்று. எந்த அரிசி, எந்தத் தரம் என்று தொழிலாளியை யாரும் கேட்டதில்லை. ஸ்டோருக்கு வந்தது ரங்கூன் அரிசி. கொத்தால் அளந்து போட்டார்கள். அதற்குரிய காசு செக்ரோலில் கழிந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அடுத்த மாதம் 5-ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறு காலையில், கொழும்பில் குண்டு விழுந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. அப்போது என் தாயார் கைக்குழந்தை. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவைப் பழகிக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்று மலைநாட்டின் அடையாளம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் தோட்டத்து ரொட்டி, அந்தக் கட்டாயத்தில் நம் அடுப்பில் ஊன்றிய உணவு. (ஜப்பானியர் நம் சாப்பாட்டில் கை வைத்தது இது முதற்றடவையல்ல என்று தங்கை மகனிடம் சொன்னேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.)

பிறகு 1973-ம் 1974-ம் வந்தன. அந்த மாவும் சுருங்கியது. பசறை, லுணுகலைப் பக்கங்களில் அந்த நாட்களைக் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். தோட்டங்களில் மரண வீதம் ஏறியதை அரசாங்கக் கணக்குகளே காட்டின. எத்தனை இறாத்தல் மா போதும் என்று யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையிலிருந்து தீர்மானித்தார். தீர்மானித்தவர் தின்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜிரோவின் மேடைக்கு முன்னால் இருப்பவர் தம் தெரிவைத் துறந்துவிட்டதாகச் சொல்கிறோம். உண்மையில் அவர் எதைத் துறந்தார்? உங்களுக்கு ஒவ்வாதது எது, உடம்புக்கு ஆகாதது எது என்று இத்தகைய இடங்களில் முதலிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். பிடிக்காத துண்டை அவர் ஒதுக்கிவிடலாம். எழுந்து போய்விடலாம். மறுமுறை வராமலும் இருக்கலாம். ‘வேண்டாம்’ என்ற சொல் அவர் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. அது இருப்பதனால்தான் ‘உங்கள் பொறுப்பு’ என்று அவரால் சொல்ல முடிகிறது. அந்தச் சொல் யாரிடம் இல்லையோ, அவர் கொடுத்ததை உண்பதை நம்பிக்கை என்று எப்படிச் சொல்வது? வேறு வழியில்லாமல் நீட்டிய கையை, நம்பி நீட்டிய கை என்று எழுதிவிடுவது கொடுத்தவனுக்கு வசதியான கணக்கு.

நல்ல துரைமாரும் இருந்தார்களே என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய நன்மை அவர்களுடைய குணத்தைப் பொறுத்திருந்தது. மேடைக்குப் பின்னால் நிற்கும் சமையற்காரரோ ஒவ்வொரு துண்டுக்கும் அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டியவர். ஒருவர் தம்மை நம் பொறுப்பில் விட்டால், சுமை விட்டவரிடமிருந்து இறங்கி நம் தோளில் ஏறுகிறது. ஏறவில்லையென்றால் அங்கே நடந்தது வேறு ஏதோ.

வாசகர்களில் சிலர், “அதெல்லாம் இருக்கட்டும், ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு காசைக் கொட்டுவது சரியா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படம் எடுக்கப்பட்ட காலத்தில் ஜிரோவிடம் சாப்பாடு 30,000 யென்னில் தொடங்கியது. 2024-ல் ஒரு யென் ஏறக்குறைய இரண்டு ரூபா. அந்த ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா என்று நிர்ணயமாயிற்று. அந்தக் கணக்கில் ஒருவருடைய ஒருவேளைச் சாப்பாடு நம்மவருக்கு 44 பேர். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சாப்பாடு! கேட்கும்போது வயிறு எரிகிறது.

ஆயினும் நாவின் நுட்பத்துக்குக் காசு கொடுப்பதே குற்றம் என்று நான் எழுதமாட்டேன். ஊவாவில் இருந்துகொண்டு அதை எழுத எனக்கு வாயில்லை. ஆடி, ஆவணியில் கச்சான் காற்றடித்துக் கொழுந்து வாடும்போது நம் மலைத் தேயிலைக்கு ஒரு வாசனை ஏறுகிறது. அதற்காகவே உலகமெங்கும் உள்ளவர்கள் கூடின விலை கொடுக்கிறார்கள். எல்லோரும் சாயம் இருந்தால் போதும் என்றிருந்தால் நம் கொழுந்துக்கு ஏது மதிப்பு? என் குறை வேறு. கச்சான் மாதத்தில் ஏலத்தில் விலை ஏறியது என்பதற்காகக் கொழுந்து பறித்த கைக்குப் பேர் கூடிப் போட்டதை நான் கண்டதில்லை. அந்த வாசனைத் தேயிலையை அந்தக் கை குடிப்பதுமில்லை. லயத்தில் கொதிப்பது தூள். மீனிலும் அப்படியே. டோக்கியோவில் விலை போகும் சூரையைப் பிடிக்கக் கடலுக்குப் போனவன் வீட்டில் அன்று என்ன கறி என்று யார் கேட்டார்கள்?

திபேரியாக் கடற்கரையில் உயிர்த்த ஆண்டவர் கரியடுப்பு மூட்டி மீன் சுட்ட நிகழ்ச்சி நமக்குத் தெரியும். இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்தவர்களுக்கு அவரே காலை உணவு ஆயத்தம் செய்தார். எத்தனையோ முறை வாசிக்கக் கேட்டும் நான் கவனியாதிருந்த ஒன்று உண்டு. அவர் முதலில் கரையில் நின்று, உங்களிடம் மீன் ஏதும் உண்டா என்று விசாரித்தார். தம்மிடம் மீன் அடுப்பில் இருந்தபோதும், நீங்கள் பிடித்ததிலும் கொண்டுவாருங்கள் என்றார்.

இதைக் கவனிக்க வைத்தது என் சொந்தத் தவறு ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நாம் எல்லோரும் யாரையாவது இழந்தவர்கள், அல்லது இழந்தவர்களை அறிந்தவர்கள். 2014-ல் மீரியபெத்தையில் கண்டதை மறுபடியும் கண்டோம். டிசம்பர் முதல் வாரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து உலர் உணவுப் பொதிகள் கட்டினோம். அரிசி, பருப்பு, சீனி, பிஸ்கட், இரண்டு டின் மீன். எல்லாப் பொதியும் ஒரே மாதிரி. நியாயமாகப் பங்கிட்டோம் என்ற நிறைவோடு வரிசையில் கொடுத்தோம், கையொப்பம் வாங்கினோம், படமும் எடுத்தோம்.

அது கார்த்திகை மாதம். இந்துச் சகோதரர் ஒருவர் ஐயப்பன் மாலை போட்டிருந்தார். சுவர் இடிந்து, தற்காலிகமாக ஒரு பாடசாலை வகுப்பறையில் குடும்பத்தோடு இருந்தார். நான் நீட்டிய பொதியை இரண்டு கைகளாலும் வாங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். சற்று நேரம் கழித்து, அவர் அந்த இரண்டு டின்களையும் துணியில் சுற்றி வகுப்பறைக்கு வெளியே, மழைநீர் ஓடும் கானோரமாக வைப்பதைக் கண்டேன். ஒருவரும் பார்க்காத நேரம் என்று எண்ணியிருப்பார். எனக்கு மனம் வருந்தக்கூடாதே என்றுதான் வாங்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு என் முகம் முக்கியமாக இருந்தது. நான் அவர் கழுத்து மாலையைக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு பொதிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானித்த மேசையில் அன்று உட்கார்ந்திருந்தவன் நான்.

ஜனவரியில் இரண்டாம் முறை கொடுக்க ஏற்பாடாயிற்று. இம்முறை முன்கூட்டியே கேட்டு எழுதுவோம் என்றேன். வேலை கூடும், ஆளுக்கொன்று கேட்பார்கள், சண்டை வரும் என்று குழுவில் சிலர் தயங்கினார்கள். சண்டை வரவில்லை. கொப்பியோடு ஒவ்வொரு குடும்பமாகப் போனேன். ஒருவர் குழந்தைக்குப் பால்மா என்றார். ஒரு பிள்ளை கொப்பியும் பேனையும் என்றது. பல்லில்லாத பாட்டி ஒருவர் பிஸ்கட் வேண்டாம், வெற்றிலை பாக்கு இருந்தால் போதும் என்று வெட்கத்தோடு சொன்னார். அதையும் எழுதினேன்.

கடைசி வகுப்பறையில் என் தாயார் வயதையொத்த ஓர் அம்மா தனியே இருந்தார். உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா என்றேன். விளங்காதவர்போலப் பார்த்தார். இரண்டாம் முறை கேட்டேன். பிறகு மெல்லச் சொன்னார்: “எங்களுக்கு என்னாங்க தெரியும்? நீங்களே பாத்து எதாச்சும் குடுங்க.”

பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது என்மேல் வைத்த நம்பிக்கையா, எண்பது வருடத்துப் பழக்கமா என்று தெரியவில்லை. அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல், வாசற்படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை விட்டபாடில்லை. “காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன்.