அங்கே இருந்துகொண்டு இவ்வளவா!

சிங்கப்பூரில் கோடை விடுமுறை கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு 150 கிலோமீட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் ஊருக்குக் கோடை என்று தனியாக ஒன்று எதற்கு? பள்ளிகள் நவம்பர் நடுவில் மூடி ஜனவரித் தொடக்கத்தில் திறக்கும். அதற்குள் சென்னையில் கச்சேரிகளின் மாதமான மார்கழி பிறந்துவிடும். கல்வி அமைச்சு மயிலாப்பூரைக் கேட்டுக்கொண்டு இந்த ஏற்பாட்டைச் செய்திருக்காது. ஆனாலும் இங்கே கர்நாடக இசை படிக்கும் பிள்ளைகளின் ஆண்டு முழுவதும் இந்தத் தற்செயலைச் சுற்றித்தான் ஓடுகிறது.

டிசம்பர் முதல் வாரம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நின்றால் அவர்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். முஸ்தபா கடையிலிருந்து வெளியே வரும் குடும்பம். அப்பா கையில் புதுப் பெட்டி, அம்மா கையில் டஜன் கணக்கில் கோடாலித் தைலம், பிள்ளை முதுகில் வயலின். சென்ற ஆண்டு அந்தக் குடும்பத்தில் நானும் இருந்தேன். என் தங்கை மகள் உயர்நிலை மூன்று முடித்திருந்தாள். பத்து வருடமாக வயலின். சென்னையில் மூன்று வாரம் பாடம், ஒரு கச்சேரி, பிறகு மன்னார்குடிப் பக்கம் சொந்தக்காரர்கள். நான் போனது பெட்டி தூக்க.

முதல் நாள் பாடத்தில் ஒன்று நடந்தது. கடைசி ஆறு வருடமாக அவள் குருவிடம் திரை வழியாகத்தான் படித்தாள். அவருக்கு மாலை ஆறரை என்றால் இவளுக்கு இரவு ஒன்பது. இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேரும்; அந்தச் சற்று போதும், தாளம் குலைய. அதனால் இருவரும் சேர்ந்து வாசிக்கவே முடியாது. அவர் வாசித்து நிறுத்துவார், இவள் வாசித்து நிறுத்துவாள். மயிலாப்பூரில் அவர் வீட்டுக் கூடத்தில் இவள் வர்ணத்தைத் தொடங்கினாள். இரண்டாவது ஆவர்த்தனத்தில் குருவும் தம் வயலினை எடுத்துச் சேர்ந்துகொண்டார். இவள் சட்டென்று வில்லை எடுத்துவிட்டாள்.

“ஏன்மா நிறுத்திட்டே? வாசி, வாசி.”

அவர் வாசிக்கும்போது நிறுத்தவேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த மரியாதை. அதை மறக்க நான்கு நாள் பிடித்தது. கற்றுக்கொடுத்ததையெல்லாம் குறையில்லாமல் கற்றிருந்தாள். இன்னொருவர் மூச்சோடு சேர்ந்து போவதை மட்டும் யாரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. பக்கவாத்தியம் என்பதே அதுதான்.

கச்சேரி ஒரு மதிய நேரத்தில். மாலைக் கச்சேரிக்குத்தான் சீட்டு, மதியம் இலவசம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மேடைகள் எப்படிக் கிடைக்கின்றன என்று சென்னையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் ‘நன்கொடை’ என்ற சொல்லும் வரும். எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் பார்த்த இரண்டு பேர், கொடுத்தீர்களா என்றுகூடக் கேட்காமல், “எவ்வளவு?” என்றுதான் ஆரம்பித்தார்கள். பாடியது இவள் வயதுப் பையன். முன்னால் இருபத்தேழு பேர், எண்ணினேன். அதில் பதினொருவர் எங்கள் ஆட்கள், நான்கு பேர் அவன் ஆட்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஆறு பேர் கேன்டீனுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் மூவர். சபை மரபு இது, குறையாகச் சொல்லவில்லை.

முடிந்தபின் ஒரு பெரியவர் மேடையருகே வந்தார். கடைசிவரை கண்மூடித் தாளம் போட்டுக் கேட்ட மனிதர். அவள் தலையில் கை வைத்து, “அங்க இருந்துண்டு இவ்வளவு நன்னா வாசிக்கறயே அம்மா!” என்றார். மனதாரத்தான் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. என் தங்கை பூரித்துப்போனாள்.

அந்தப் பாராட்டுக்குள் ஒரு கழித்தல் கணக்கு இருப்பதை நான் இரவுதான் கவனித்தேன். ‘நன்றாக வாசிக்கிறாய்’ என்பதற்கும் அவர் சொன்னதற்கும் நடுவில் நாலு மணி நேர விமானப் பயணம் இருக்கிறது. அடுத்த இரண்டு வாரத்தில் அதே வாக்கியத்தை வெவ்வேறு வாய்களில் ஏழெட்டு முறை கேட்டோம். திட்டினால் பதில் சொல்லலாம். அன்போடு வாசலிலேயே உட்கார வைத்து உபசரித்தால் என்ன செய்வது?

‘அங்கே இருந்துகொண்டு இவ்வளவா’ என்று அவள் கையிலிருந்த வாத்தியத்தை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதுதான் முதலில் விழிக்கவேண்டும். வயலினுக்கு இத்தாலியில் சொந்தபந்தம் உண்டு. வடஇத்தாலியில் கிரிமோனா என்ற ஊரில் 16ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா அமாட்டி கொடுத்த வடிவம்தான் இன்றும் அதன் வடிவம். 1737இல் இறந்த ஸ்ட்ராடிவாரியும் அதே ஊர்க்காரர். கும்பினிக்காரர்களோடு அது சென்னைக்கு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். தோளிலிருந்து இறக்கி, சம்மணமிட்ட வலது காலின்மேல் தலையைச் சாய்த்து வைத்தார்கள். தந்திகளைச் சட்ஜமும் பஞ்சமமுமாக மாற்றிக் கட்டினார்கள். விரலை அழுத்திய இடத்தில் நிறுத்தாமல் இழுத்து, கமகம் பேச வைத்தார்கள். இருநூறு வருடத்தில் அது இல்லாமல் ஒரு பாட்டுக் கச்சேரி நடத்துவதை நினைக்கவும் முடியாமல் போயிற்று. “இத்தாலியில் பிறந்துவிட்டு பைரவியை இவ்வளவு நன்றாக வாசிக்கிறாயே” என்று அதன் தலையில் யாரும் கை வைப்பதில்லை.

மரக்கட்டைக்குக் கிடைத்த குடியுரிமை தஞ்சாவூர்க்காரனின் கொள்ளுப்பேத்திக்குக் கிடைக்க எத்தனை வருடம் ஆகுமோ. இத்தனைக்கும் டிசம்பர் சீசனே ஆதிகாலத்து விஷயமில்லை. 1927இல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது நடந்த இசை மாநாட்டில் முளைத்து, மறு ஆண்டு மியூசிக் அகாடமி ஆயிற்று. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், ஸ்டார்லைட் சாலையில் இருக்கும் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் தொடங்கியது. இடையில் 21 வருடம். அண்ணன் தம்பி வயசுதான்.

சென்னை முடிந்து மன்னார்குடிப் பக்கம் போனோம். அங்குள்ள ஒரு கிராமத்திலிருந்து போய்த்தான் என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். அவர் தம்பி வீடு அங்கேயே இருக்கிறது. கோடாலித் தைலம் நொடியில் பங்கு போடப்பட்டது. சித்தப்பா வயலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எத்தனை வெள்ளி?” என்றார். சொன்னோம். “ஒரு மாடு வாங்கலாம்” என்றார். திண்ணையில் உட்கார்ந்து அவள் காபி ராகத்தில் ஒரு கீர்த்தனை வாசித்தாள். நாதசுரத்துக்குப் பேர்போன சீமை அது. அந்தத் தெருவில் இப்போது நாயனக்காரர் இல்லை. “கோயில் வாசல்ல கேட்டது. யாருகிட்ட கத்துக்கிட்ட?” என்றாள் சின்னப்பாட்டி. சிங்கப்பூரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பா மகன்தான் பிறகு, சினிமாப் பாட்டு வருமா, இதனால் அங்கே வேலைக்கு ஏதாவது உதவுமா என்று கேட்டான். இரண்டாவது கேள்வி நியாயமானது. அவளோடு படித்த மிருதங்கப் பையன் கட்டாயத் தேசிய சேவைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அவன் விரல்களில் இப்போது எத்தனை சொல் மிச்சமிருக்கும் என்று தெரியவில்லை.

திரும்பி வந்த மறுவாரம் லிட்டில் இந்தியாவில் பொங்கல் நிகழ்ச்சி. அறிவிப்பாளர் இவளை எப்படி அறிமுகப்படுத்தினார் என்று சொல்லவேண்டியதில்லை. “சென்னையில் கச்சேரி செய்து வந்திருக்கும்…” கைதட்டல். முதல் நான்கு வருடம் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மாடியறையில் வாரம் இரண்டு நாள் படித்தது அந்த வாக்கியத்தில் இடம்பெறவில்லை. சென்னை அவளைச் சிங்கப்பூரால் அளந்தது; சிங்கப்பூர் சென்னையால் அளந்தது. 2020 கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர். அந்த இரண்டரைப் பேருக்குள் வயலின் கேட்பவர்களைத் தேடினால், வெளியூர் முத்திரைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது புரியும். மதிப்புக்கு மட்டுமல்ல, ஒலிப்பதற்கே வாத்தியம் சிராங்கூன் சாலையில் உத்தரவு கேட்டிருக்கிறது. பெருமாள் கோயிலிலிருந்து தைப்பூச ஊர்வலம் புறப்படும் சாலையில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை. 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் இசைக்க விட்டார்கள்.

பள்ளி திறந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு அவள் வீவக அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் மறுபடி திரை எரிகிறது. குரு வாசிக்கிறார். முன்பெல்லாம் அப்போது இவள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். போன வாரம் கதவோரம் நின்று பார்த்தேன். தன் பக்கத்து ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, அவர் வாசிக்கும்போதே கூடச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். தாமதமாக வந்தாலும் அவர் வாசிப்பு அவள் அறைக்குள் ஒழுங்காகத்தான் வருகிறது. அதோடு சேர்ந்துகொள்ளத் தடையில்லை. மயிலாப்பூரில் அவருக்கு எதுவும் கேட்காது. கீழ்வீட்டுச் சீனப் பாட்டிக்குக் கேட்கும்.