விருப்பமும் விலையும்

எமது ஊரில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மூத்த சகோதரர் புரொஸ்ரேற் சுரப்பியில் உண்டான புற்றுநோயால் இறந்தவர். அதனை அறிந்த டொக்டர், தம்பியாரும் ஒருமுறை இரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லதென்று துண்டு எழுதிக் கொடுத்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவ்வேளை அச்சோதனைக்கு வசதியில்லை. வெளியே, தனியார் ஆய்வுகூடத்திலேதான் செய்ய வேண்டும். அந்தத் துண்டு மூன்று மாதங்களாக அவருடைய பஞ்சாங்கத்துக்குள் மடித்தபடி கிடந்தது. ஏன் என்று கேட்டோம். "அது கட்டாயமில்லைத்தானே தம்பி, விருப்பமெண்டால் செய்யலாம் எண்டுதான் டொக்டரும் சொன்னவர்" என்றார். சற்றுப் பொறுத்து, "பேத்தியின்ரை ரியூசன் காசு முதலிலை" என்றும் சொன்னார்.

விருப்பம் என்ற அச்சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. அவர் விரும்பவில்லையா, அல்லது விரும்புவதற்கு வேண்டிய பணம் அவரிடம் இல்லையா? இவை இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் வெளியில் நின்று பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றாகவே தோற்றும். எமது ஆசிரியரின் பேச்சிலே கண்ட இக்குழப்பம், செல்வம் மிகுந்த ஒரு நாட்டின் சட்டத்திலேயே குடிகொண்டிருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவையே குறிப்பிடுகின்றோம். அங்குள்ள நிலைமையைச் சற்று ஆராய்ந்தால் எமது ஊர்ப் பிரச்சினையும் தெளிவுறும்.

முதலில் சோதனையைப் பற்றிச் சில வார்த்தைகள். பி. எஸ். ஏ. என்பது புரொஸ்ரேற் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம். இரத்தத்தில் அதன் அளவு கூடியிருந்தால் புற்றுநோய் இருக்கலாம். முதுமையில் இயல்பாக ஏற்படும் வீக்கத்தாலும் அது கூடலாம். மேலும், இப்புற்றுநோய்களிற் பல மிக மெதுவாக வளர்வன. அவை இருப்பது தெரியாமலே வாழ்ந்து வேறு காரணத்தால் இறப்போர் பலர். அத்தகையோருக்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் நன்மை பயவாது, சிறுநீரை அடக்கும் ஆற்றலையும் ஆண்மையையும் போக்கிவிடுதல் கூடும். 1970இல் இச்சுரப்பிக்குரிய பதார்த்தமொன்றை இனங்கண்ட ரிச்சர்ட் ஏப்ளின் என்னும் ஆய்வாளரே, 2010இல் இச்சோதனை வரையறையின்றி நடத்தப்படுவதைக் கண்டித்து எழுதினார். இலாப வேட்கையே அதனை நடத்துகிறதென்றும் சாடினார்.

மறுபக்கமும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் நடைபெற்ற பேராய்வொன்றின் 23 ஆண்டுக்காலப் பெறுபேறுகள் 2025இல் வெளியாயின. சோதனைக்கு அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒருவர் வீதம் இந்நோயின் மரணத்திலிருந்து தப்பினர் என அவை காட்டின. தொகையாகப் பார்க்கையில் நன்மை சிறிது. அந்த ஒருவருடைய குடும்பத்துக்கோ அது சிறிதன்று.

இவ்வாறு நன்மையும் தீமையும் கலந்திருப்பதனாலேயே, அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2012இல் இச்சோதனை வேண்டாமென்று கூறி, 2018இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 55 முதல் 69 வயது வரையுள்ளோர் வைத்தியருடன் கலந்து பேசித் தாமே தீர்மானிக்கட்டும் என்பது அதன் புதிய முடிவு. இச்சோதனைக்கு அது வழங்கிய தரம் 'சி'. முடிவு நியாயமானதே. மனிதனுடைய உடலைப் பற்றிய தீர்மானம் அவனுடையதாக இருப்பதை எவர் மறுப்பார்?

ஆனால், அந்நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 'ஏ' அல்லது 'பி' தரம் பெற்ற சோதனைகளையே தனியார் காப்புறுதித் திட்டங்கள் நோயாளரிடம் பணம் பெறாது வழங்க வேண்டுமென அச்சட்டம் விதிக்கிறது. 'சி' தரத்துக்கு அக்கடப்பாடு இல்லை. "நீயே தீர்மானி" என்று வைத்தியம் கூறிய அதே காரணத்துக்காக, "நீயே பணம் கொடு" என்று கூறக் காப்புறுதிக்கு இடம் கிடைக்கிறது. முதியோருக்கான அரசாங்கத் திட்டமாகிய மெடிக்கெயார் ஆண்டுதோறும் இச்சோதனையை இலவசமாக அளிக்கிறது. எனினும் பெரும்பாலானோர் அத்திட்டத்துட் சேர்வது 65 வயதிலேயே. தீர்மானிக்கும் வயது 55இல் தொடங்குகிறது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில், கையிற் காசுள்ளவன் தீர்மானிக்கிறான். இல்லாதவனுக்காக அவனுடைய சட்டைப்பை தீர்மானிக்கிறது.

"பயன் ஐயத்துக்குரியதாயின் பொதுப்பணத்தை ஏன் செலவிட வேண்டும்?" என்று கேட்போர் உளர். ஒதுக்கிவிடக்கூடிய வினா அன்று இது. தேவையற்ற சோதனை குறையவேண்டும் என்பதே எமது விருப்பமும். ஆனால் விலை அதனைச் செய்யுமா? எவனுக்குச் சோதனை வேண்டும், எவனுக்கு வேண்டாம் என்பதை விலை அறியாது. பணமுள்ளவன் எண்பது வயதிலும் தேவையின்றிச் சோதித்துக்கொள்வதை அது தடுக்காது. தந்தையையோ தமையனையோ இந்நோய்க்குப் பறிகொடுத்த தொழிலாளியை அது தடுத்துவிடும். அமெரிக்காவில் வெள்ளையரிலும் ஏறத்தாழ இருமடங்கு வீதத்தில் கறுப்பின ஆண்கள் இந்நோயால் மடிகின்றனர். வருமானத்திலும் சொத்திலும் நெடுங்காலமாகப் பின்தள்ளப்பட்டோரும் அவர்களே. நியூயோர்க் மாநிலம் 2019 முதல் இக்கட்டணத்தைத் தன் சட்டத்தால் நீக்கியமை, இது மாற்றவியலாத இயற்கை நியதி அல்ல என்பதைக் காட்டுகிறது.

இரத்தச் சோதனையோடு செலவு முடிவதுமில்லை. அளவு கூடியிருந்தால் படம் எடுக்க வேண்டும். ஊசியால் இழையம் எடுத்துச் சோதிக்க வேண்டும். முதல் வாயிலைத் திறந்துவிட்டு இரண்டாம் வாயிலிற் காசு கேட்பதும் நீதியாகாது. பாதியறிவோடு திரும்பிவந்தவனின் அச்சத்துக்கு மருந்தேது?

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலவச வைத்தியத்தை மக்களின் உரிமையாக ஏற்றுக்கொண்ட நாடு இது. அந்த உரிமை ஆஸ்பத்திரி வாசலிலே ஒரு துண்டாக மாறி, எதிரேயுள்ள ஆய்வுகூடத்திற் பணமாக மாறுமாயின், பெயரளவில் இலவசம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? ஐம்பது வயதைத் தாண்டிய அனைவருக்கும் இச்சோதனையைச் செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வைத்தியர் ஆலோசனை கூறியவருக்கேனும் அது அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க வேண்டும். அதன் நன்மை தீமைகளை அவருக்கு எடுத்துரைக்க வைத்தியருக்கு நேரமும் வேண்டும். இவ்விரண்டையும் கேட்பது எம்போன்ற ஆசிரியர்களின் கடமையுமாகும்.

அந்தத் துண்டு இன்னும் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. செலவை நாம் ஏற்பதாகச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். ஒருவேளை அச்சோதனை அவருக்குத் தேவையற்றதாகவே இருக்கலாம். யாவற்றையும் அறிந்தபின் அவரே அதனை வேண்டாமென்று கூறினால் நாம் தலைவணங்குவோம். இப்போது அவர் கூறியிருப்பது அதுவன்று.