ஒப்பந்தக் காலமும் கொடுத்த சொல்லும்

பதினொரு மாதத்திற்கென எழுதிக் கையொப்பமிட்டுச் சென்னையில் ஒரு வீட்டில் குடியேறிய நம்மவர் ஒருவருக்கு, ஐந்தாம் மாதமே கோயம்புத்தூருக்குப் பணிமாற்றம் வந்தது. இடையில் வீட்டை விடுவது வாய்மை விரதத்திற்கு இழுக்காகுமோ என்று அவர் நம்மிடம் வினவினார். சட்டத்தைக் கேட்போர் பலர். விரதத்தை எண்ணிக் கேட்போர் சிலரே. ஆதலின் இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

ஒரு மாதம் முன்னறிவித்துவிட்டுக் காலி செய்யலாம் என்னும் வரி ஒப்பந்தத்தில் இருப்பின், அவ்வாறு செல்வது சொல் தவறுதலன்று; சொன்னபடி நடத்தலேயாகும். அவர் கொண்டுவந்த தாளில் அவ்வரி இல்லை. எனினும் வழிகள் உள. இருவரும் உடன்பட்டு இடையிலேயே வீட்டை ஒப்படைப்பதை 1882 ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டம் ஏற்கிறது. தக்க வேறொரு குடும்பத்தைத் தேடிக் காட்டலாம். ஏற்பது உரிமையாளர் விருப்பம். அவருடைய இசைவின்றி மற்றொருவரைக் குடிவைத்துச் செல்வது மட்டும் ஆகாது. எதுவும் இசையாவிடில், நேர்ந்த இழப்பை ஈடுசெய்யலாம். தண்டத்தொகை எவ்வளவு எழுதியிருப்பினும், அதற்கு மேற்படாத நியாயமான ஈடே உரியது என்கிறது 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அடுத்த மாதமே வேறு குடி வந்தபின், எஞ்சிய ஆறு மாத வாடகையையும் கேட்பதில் என்ன நியாயம்?

எனவே பிழை வெளியேறுவதில் இல்லை, மறைப்பதில் உள்ளது. 'முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும்' என்று வாடகையை நிறுத்திவிட்டு, ஓர் இரவில் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துச் செல்வோர் உளர். அவ்வாடகையை நம்பியே உலை வைக்கும் முதியவளாக உரிமையாளர் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

உரிமையாளராக உள்ள நம்மவரும் சற்றே செவிசாய்க்க வேண்டும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வாய்மை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் ஒன்றாக நியாசாபகாரத்தைக் கூறுகிறது. பொருளை நம்பி வைத்தவன் தொகையை மறந்து குறைத்துக் கேட்கும்போது, 'ஆம், அவ்வளவே' என்று கூறிக் கொடுப்பது அது எனப் பூஜ்யபாதர் விளக்குவார். கள்ளாமையின்கீழ் அன்று, வாய்மையின்கீழ் இது வைக்கப்பட்டிருப்பது நம் சிந்தனைக்குரியது. முன்பணமும் நம்பி வைத்த பொருளன்றோ? செய்யாத பழுதுபார்ப்புக்கும் பூசாத வண்ணத்திற்கும் கணக்கெழுதி அதைக் குறைப்பவர், பணத்தை எடுப்பதற்கு முன்பே சொல்லால் வழுவிவிடுகிறார். 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், உரிய பாக்கி போக எஞ்சிய முன்பணத்தை, வீடு காலியான ஒரு மாதத்திற்குள் திருப்பித் தரப் பணிக்கிறது.

நம்மை வினவியவர் அன்று மாலையே உரிமையாளரிடம் சென்று செய்தியைத் தெரிவித்தார். அவர் சென்றபின் வீடு இருபது நாள்கள் பூட்டிக் கிடந்தது. அந்நாள்களின் வாடகையை, கேளாமலே, முன்பணத்தில் கழிக்கச் சொன்னார். சுவர்களுக்கு வண்ணம் பூசும் செலவு யாருடையது என்பது பற்றிய பேச்சு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.