உடம்பென்னும் திருக்கோயிலும் விரதமும்



கோயிலுக்கு வருகின்ற அடியார் கைகால் கழுவி, திருநீறு தரித்து, கோபுரத்தைத் தொழுது உள்ளே புகுவர். தாங்கி வந்த உடம்பும் ஒரு கோயில்தான் என்பது அவ்வேளை பலருக்கு நினைவில் வருவதில்லை. அதனை நினைவூட்டியவர் திருமூல நாயனார். உடம்பை முன்னர் இழிவென்று எண்ணியிருந்ததையும், பின்னர் அதனுள்ளே இறைவன் குடியிருக்கக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதையும் அவர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே சொல்லியுள்ளார்.

சிதம்பரத்துப் பொற்சபையின் கூரையில் 21,600 பொன்னோடுகளும் அவற்றைப் பிணைக்கும் 72,000 ஆணிகளும் உள்ளன என்பது மரபு. ஓடுகள் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சையும், ஆணிகள் நாடிகளையும் குறிக்கும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று கொண்டு 24 மணித்தியாலத்துக்குப் பெருக்கினால் 21,600 தான் வரும். அமைதியாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார் என்பது இன்றைய வைத்தியர் கணக்கு. கைக்கடிகாரம் இல்லாத காலத்தவர் எவ்வளவு கிட்ட வந்துவிட்டார்கள்!

இந்தக் கோயிலில் நடை சாத்துவதில்லை. இருதயம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை துடித்து, ஐந்து லீற்றர் அளவான இரத்தத்தை ஓயாது சுற்றி அனுப்புகின்றது. பேசப்படாத தொண்டர் சிறுநீரகங்களே. முதுகுப்புறத்தில், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, கைப்பிடி அளவில் இரண்டு. ஒவ்வொன்றிலும் பத்து இலட்சம் அளவான நுண்ணிய வடிகள். இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை வடித்து, வேண்டியதை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்து, ஒன்றிரண்டு லீற்றரை மட்டும் வெளியேற்றுகின்றன. கோமுகை அடைபட்டால் அபிஷேக நீர் கர்ப்பக்கிருகத்தில் தேங்கும். சிறுநீரகம் பழுதானாலும் அப்படித்தான். காலும் முகமும் வீங்கும்.

கண்டக்குழிக் கரையில் உப்புக்குக் குறைவில்லை. காற்றிலும் உப்பு, கருவாட்டிலும் உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிதான். மிஞ்சினால் இரத்த அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் வடிகள் பழுதாகும். மச்சம் விலக்கும் விரத நாட்களில் கருவாடும் விலகுவதால் சிறுநீரகத்துக்கும் சற்று ஓய்வு கிடைக்கின்றது.

ஆனால் விரதம் எல்லா உடம்புக்கும் ஒன்றல்ல. உணவு நின்றதும் ஈரல் தன் சேமிப்பிலுள்ள சீனியை இரத்தத்துக்கு விடும். அது தீர்ந்துவர, உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கைகொடுக்கும். சுகதேகிக்கு இது தீங்கல்ல. நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது சில வகைக் குளிசைகள் பாவிப்பவர் வழக்கமான மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாதிருந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும், ஆள் தெரியாமற் போகும். திருவிழாக் கூட்டத்திலே, பறைமேளத்தின் நடுவே, சுற்றி நிற்பவர் இதனை அருள் வந்ததென்று எண்ணிக் கைகூப்பிவிடக் கூடும். அவருக்கு அப்போது வேண்டியது கற்பூரம் அல்ல, சீனித் தண்ணீர். விழுங்கத்தக்க நினைவு இருந்தால் உடனே கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டு நோற்பதும் ஆபத்தே. காப்புக் கட்டுமுன் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டு, பால்பழத்தோடு மருந்தை ஒழுங்குசெய்துகொண்டு நோற்பதனால் அம்பாள் கோபிக்கமாட்டாள்.

இன்னொன்று, சோளகக் காற்று. முன்னேஸ்வரத்துக்கும் உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் அடியார் புறப்படுவது அது வீசும் காலத்திலேதான். வியர்வையைக் காற்று அப்போதைக்கப்போதே உலர்த்திவிடுவதால் உடம்பு இழந்த நீர் கண்ணுக்குத் தெரியாது. சட்டை முதுகில் வெள்ளையாய்ப் பூத்த உப்புத்தான் காட்டிக்கொடுக்கும். வழியிலே தண்ணீர்ப்பந்தல் வைத்த முன்னோர் அந்த உப்பைப் பார்த்திருப்பார்கள். காவடி எடுப்பவருக்கும் அந்தப் பந்தலில் ஒரு செம்பு தண்ணீர் உண்டு.