ஒரே கொப்பரையில் ஒன்பது பேர்

சீன நாட்டின் சோங்கிங் நகரத்துக் கொப்பரை உணவகங்களில் விருந்து சமைக்கப்பட்டு மேசைக்கு வருவதில்லை. மேசை நடுவே அடுப்பும், அதன்மேல் செக்கச்செவேலெனக் கொதிக்கும் கொப்பரையுமே வரும். மாட்டுக் கொழுப்பை உருக்கி, காய்ந்த மிளகாயையும் நாவை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகையும் அள்ளிப் போட்ட குழம்பு அது. இறைச்சியையும் கீரையையும் பச்சையாக அதில் இட்டு, வெந்ததும் எடுத்து உண்ண வேண்டும். 'ஹாட் பாட்' என்று உலகம் இன்று கொண்டாடும் இவ்விருந்து, ஒரு காலத்தில் யாங்சி ஆற்றுத்துறையில் மூட்டை சுமந்தோரும் படகோட்டிகளும் உண்ட ஏழையுணவு. வசதி படைத்தோர் ஒதுக்கிய மாட்டுக் குடலும் இரைப்பையுமே அவர்களுக்கு வாய்த்த இறைச்சி. அங்கே மாடறுத்த ஹுய் முஸ்லிம்களிடமிருந்து அது மலிவாகக் கிடைத்தது என்றும் சொல்வதுண்டு.

முன்பின் அறியாதவர்கள் ஒரே கொப்பரையைச் சூழ்ந்து அமர்ந்ததால், ஒன்பது கட்டங்கள் கொண்ட சட்டம் ஒன்றை அதனுள் இறக்கினர் என்பர். அவரவர் கட்டம் அவரவர்க்கு. ஆயினும் மேலே பிரிந்திருக்கும் அக்குழம்பு, அடியில் ஒன்றாகவே ஓடுகிறது. நம் சிந்தனைக்குரிய இடம் இதுவே.

சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் சஹனில் கூடுவன கைகள் மட்டுமே. சோறு ஒருவர் பொறுப்பில் முன்பே ஆக்கப்பட்டது. கொப்பரையிலோ ஒருவர் இடுவதை அனைவரும் உண்கிறோம். அடுத்தவர் வாத்தின் இரத்தக்கட்டியையோ பன்றி இறைச்சியையோ இட்டால், நம் கட்டத்தில் வேகும் காளானும் அதன் சாற்றையே குடிக்கிறது.

சிங்கப்பூரிலும் குவாங்சௌவிலும் பணிபுரியும் நம் பிள்ளைகளைச் சக ஊழியர்கள் இவ்விருந்துக்கு அன்போடு அழைக்கின்றனர். மறுத்தால் அன்பு முறியுமே என அவர்கள் தயங்குகின்றனர். "கீரையை மட்டும் எடுத்துக்கொள்" என்று சமாதானம் கூறுவோரும் உளர். இச்சமாதானம் நமக்கு உடன்பாடன்று. குழம்பே மாட்டுக் கொழுப்பாயிருக்க, அம்மாடு எவ்வாறு அறுக்கப்பட்டதென யார் சொல்வது? தவிரவும், உள்ளத்தில் அருவருப்பை வைத்துக்கொண்டு புன்னகையோடு உண்பது அழைத்தவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அடுப்பு மூட்டுமுன்பே சொல்லிவிடுவதுதான் நட்புக்கு அழகு. அனைவரும் உண்ணத்தக்க இடத்தைக் கூடித் தேர்ந்துகொள்ளலாம் அன்றோ? 'சிங்சென்' என்னும் ஹலால் பலகை தாங்கிய கடைகள் சீனாவிலேயே உள்ளன. 1903இல் ஹுய் முஸ்லிம் ஒருவர் பெய்ஜிங்கில் தொடங்கிய துங்லாய்ஷுன், ஆட்டிறைச்சிக் கொப்பரைக்குப் பெயர்பெற்றது. காரமில்லாத அக்குழம்பைச் சூழ்ந்து எல்லாச் சமயத்தாரும் அமர்கின்றனர்.

இனி மறுபக்கம். விருந்தழைப்பவர் நாமாயின், ஹலால் பலகையைக் கண்டதும் கவலை தீர்ந்ததென அமர்ந்துவிடுகிறோம். உடன்வரும் பௌத்த நண்பர் மாட்டிறைச்சி தொடாதவராயிருக்கலாம். இந்து நண்பர் புலாலே உண்ணாதவராயிருக்கலாம். அப்பலகை அவர்களுக்கு விடை தராது. நம்மைக் கேட்காமல் குழம்பைக் கொதிக்கவிட்டவர்மீது நமக்கு எழும் வருத்தம் அவர்களுக்கும் எழாதா? அடிவரை தடுப்பிட்டு இருவகைக் குழம்பு ஊற்றும் 'யுவான்யாங்' சட்டி இப்போது எங்கும் கிடைக்கிறது. அதன் ஒரு பாதியை அவர்களுக்கென ஒதுக்கலாம். பேச்சு சுவாரசியத்தில் நம் குச்சி அப்பக்கம் போகாதிருக்க வேண்டும்.