யாருடைய கை?

எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் பனையேறி ஒருவர் இருக்கிறார். இருக்கிறார் என்றால், படுத்திருக்கிறார். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனிக் காலையில், அக்கானி இறக்கப் போனவர், திளாப்பு வழுக்கி விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. புத்தி தெளிவு, நாக்கு அதைவிடத் தெளிவு. தோளை அசைப்பார். விரல்கள்தான் பேச்சுக் கேட்பதில்லை. "நான் சொல்லுதேன், அது கேக்கல்ல" என்பார், அடங்காத பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

அவரிடம் ஒருநாள், அமெரிக்காவில் இயன் பர்க்ஹார்ட் என்ற இளைஞரைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன். 2010ல் கடலில் தலைகீழாகப் பாய்ந்து, மணல் திட்டில் மோதிக் கழுத்தை முறித்துக்கொண்டவர். 2014ல் ஒஹாயோ மாகாணத்தில் டாக்டர்கள் அவர் மூளையில், கையை ஆட்டுவிக்கும் பகுதியில், பட்டாணி அளவுச் சில்லு ஒன்றைப் பதித்தார்கள். கையை மடக்க வேண்டும் என்று அவர் நினைக்கும்போது எழும் மின்துடிப்பை அது ஒட்டுக் கேட்கும். கம்ப்யூட்டர் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்து, முன்கையில் சுற்றிய பட்டைக்கு மின்சாரம் அனுப்பும். தசை சுருங்கும். முறிந்த பாலத்தை விட்டு விலகிச் செல்லும் சுற்றுப் பாதை. அவர் குப்பியைத் தம் கையால் எடுத்துச் சாய்த்து ஊற்றினார்.

பனையேறி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அது அவருக்கக் கையா, கம்பெனிக்கக் கையா, அண்ணாச்சி?"

"நினைக்கிறவர் யாரோ, அவர் கைதான்" என்றேன். எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரி பதில்கள் சட்டென்று வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து மீதியைப் படித்தபோதுதான் அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிந்தது. மண்டையோட்டிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போதுதான் அந்தக் கை கை. வீட்டுக்குத் திரும்பினால் பழையபடி கட்டை. 2021ல் தொற்று ஏற்பட்டதால் சில்லையே எடுத்துவிட்டார்கள். உயிரைக் காக்க எடுத்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நினைக்கிறவர் அப்படியே இருக்கிறார், நினைப்பும் இருக்கிறது, கை எங்கே போயிற்று?

என் மூக்குக் கண்ணாடியும் கடையில் வாங்கியதுதான். ஆனால் கடைக்காரர் சாயங்காலம் வந்து கழற்றிக்கொண்டு போவதில்லை. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொடங்கிச் செய்த காரியம் நினைவுக்கு வருகிறது. தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களுக்கு, முன்கையில் உயிரோடிருந்த தசையின் நாணை எடுத்து இழுத்துக் கட்டினார். கொடுத்தார் என்று சொல்வதைவிட இடம் மாற்றினார் என்பதே சரி. அந்தக் கையை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

தண்டுவடம் போனவனுக்கு அந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது, இயந்திரம் வேண்டும். இங்கேதான் மின்சாரத்தின் கணக்கு தர்மத்தின் கணக்காக மாறுகிறது. எனக்கும் பௌதிகத்துக்கும் இருந்த உறவு கல்லூரி வாசலோடு அறுந்துவிட்டது. இருந்தாலும் இது புரிகிறது. நம் மூளை முழுவதும் சுமார் 20 வாட்டில் ஓடுகிறது, ஒரு மங்கலான குண்டு பல்பின் செலவு. அதற்குள் வைக்கும் கருவி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு சிக்கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடேறும், மூளைத் திசு ஓரிரு டிகிரி சூட்டைக்கூடத் தாங்காது. சிக்கனம் இல்லாத கருவிக்குக் கேபிள் வேண்டும், பெரிய பாட்டரி வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். அதாவது எஜமான் வேண்டும். 2024ல் அமெரிக்காவில் ஒருவருக்குக் கேபிள் இல்லாத கருவியே பதித்தார்கள். அதையும் சார்ஜ் செய்தாக வேண்டும். அது திரையில் அம்புக்குறியை நகர்த்தியது, கையை அல்ல.

எம்.ஐ.டி.யில் இருந்த ராகுல் சர்ப்பேஷ்கர் இந்தச் சிக்கனத்தையே தவமாகக் கொண்டவர். காரியத்துக்கு எவ்வளவு துல்லியம் போதுமோ அதற்குமேல் ஒரு துளி மின்சாரமும் செலவிடாத சர்க்யூட்டுகள் அவருடையவை. 2012ல் அவரும் சகாக்களும் மூளையைச் சுற்றியுள்ள நீரில் இருக்கும் சர்க்கரையிலிருந்தே மின்சாரம் எடுக்கக்கூடிய ஒரு செல்லைச் செய்து ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். கிடைத்தது மைக்ரோவாட் கணக்கில்தான். ஒரு மைக்ரோவாட் என்பது வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மனித உடம்புக்குள் அது வர இன்னும் வெகுதூரம். ஆனால் தன் ரத்தத்துச் சர்க்கரையில் ஓடும் கருவி, சோறு தின்கிறவனுடைய கருவி அல்லவா?

மறுநாள் போய், முந்திய நாள் பதிலை வாபஸ் வாங்கிக்கொண்டேன். பர்க்ஹார்டின் சில்லை எடுத்துவிட்டதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சர்க்கரை விஷயத்தைச் சொன்னபோதுதான் முகம் திரும்பியது. அதற்குள் அவர் மனைவி காப்பியை ஆற்றிக்கொண்டு வந்து, தலையை நிமிர்த்தி, தம்ளரை உதட்டில் வைத்தார். இரண்டு வாய் குடித்தார்.

"கருப்பட்டி போட்டா ஓடுமாண்ணு கேட்டுச் சொல்லும்" என்றார்.