அசையாத ஆணி

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் உற்பத்தி 2003-இல் மெக்சிகோவில் முடிந்தது. இன்றும் அதைப் புதுப்பிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கதவின் கீல் ஆணியைப் போலப் பிடிவாதக்காரன் கிடையாது என்பார்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தால் தலை நசுங்கி இன்னும் இறுகும்.

வாஸ்தவத்தில் அது பிடிவாதமா? துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும்; ஆணியை நெருக்கும். எண்ணெய் விடுவதற்கென்றே கீலில் சிறு துளை உண்டு. அதை மறந்தவர்கள் நாம்.

தொழில் தெரிந்தவன் முதலில் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பாரத்தை இறக்குவான். எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பான். பிறகுதான் தட்டுவான்.

மனிதர் விஷயமும் இதுதானோ? என் தகப்பனாரைப் பிடிவாதக்காரர் என்றே வீட்டில் எல்லோரும் சொன்னோம். அவர் பாரத்தை ஒருநாளாவது இறக்கினோமா? எடுத்த எடுப்பில் சுத்தியலைத்தானே எடுத்தோம்!